குற்றவாளி இல்லாத நாவல்: 'காதுகள்' குறித்து

எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' நாவலைப் பற்றிப் பேச்சு வந்தால் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு அது ஆன்மிக நாவல். தாமச சக்திக்கும் சத்துவத்துக்கும் நடக்கும் போர், மகாலிங்கம் என்ற மனிதனின் காதுக்குள் நடக்கிறது, அவ்வளவுதான் என்பார்கள். இன்னொரு கட்சிக்கு அது மனச்சிதைவு நோயின் உள்ளேயிருந்து எழுதப்பட்ட ஆவணம். காளியாவது முருகனாவது, எல்லாம் மூளை செய்யும் வேலை என்பார்கள்.

நான் ரொம்ப நாள் இரண்டாவது கட்சியில் இருந்தேன். பொறியியல் படித்தவன், சாஃப்ட்வேர் வேலை, அறிவியல் கட்டுரைகளை அரைகுறையாகவேனும் வாசிக்கிற பழக்கம் உண்டு. எனக்கு வேறெந்தக் கட்சி பொருந்தும்? இப்போது அந்தக் கட்சியிலிருந்து விலகிவிட்டேன். ஆனால் முதல் கட்சிக்குப் போகவில்லை. விலக வைத்ததும் இலக்கியம் இல்லை, அந்த அறிவியல் கட்டுரைகளேதான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாவலை வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாக. எம்.வி.வி. 1920-இல் கும்பகோணத்தில் பிறந்தவர். சௌராஷ்டிர சமூகம், பட்டு ஜரிகை வியாபாரம். பதினாறு வயதில் 'மணிக்கொடி'யில் கதை வந்துவிட்டது. 'காதுகள்' 1992-இல் வெளியானபோது அவருக்கு வயது 72. அடுத்த ஆண்டு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கதை என்று பார்த்தால் எளிமையானது. மகாலிங்கத்தின் காதுகளில் குரல்கள் கேட்கத் தொடங்குகின்றன. அவை கேலி செய்கின்றன, ஆபாசமாகப் பேசுகின்றன, மிரட்டுகின்றன. அவற்றில் ஒன்று தன்னைக் காளி என்று சொல்லிக்கொள்கிறது. மகாலிங்கம் முருகனைப் பிடித்துக்கொண்டு தாக்குப்பிடிக்கிறான். தொழில் போகிறது, வறுமை வருகிறது, குரல்கள் மட்டும் போகவில்லை. இது தன் சொந்த அனுபவத்திலிருந்து வந்த நாவல் என்பதை எம்.வி.வி. மறைத்ததில்லை.

நான் இதை வாசித்ததற்கு இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. கந்தர்வக்கோட்டையில் என் தாய்மாமா ஒருவர் இருக்கிறார். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தபோது, இருபது வயதில், அவருக்கும் காதில் ஆள் பேச ஆரம்பித்தது. முதலில் குணசீலம். பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள் தங்கினார்கள். உச்சிக்காலத்தில் முகத்தில் அடிக்கும் தீர்த்தத்தை அம்மாயி இன்றைக்குப் போல விவரிக்கும். அப்புறம் தஞ்சாவூரில் ஒரு டாக்டர், மாத்திரை, மாதம் ஒரு ஊசி. இப்போது அவருக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. முந்திரிக்கொல்லையைப் பார்த்துக்கொள்கிறார். சுமாராக நன்றாகவே இருக்கிறார்.

நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும்போது ஒருநாள் அம்மாயி கேட்டது: "ஏண்டா தம்பி, நீ படிக்கிறவன்தானே. உங்க மாமனுக்கு இது எதனால வந்துச்சு? அவன் வயித்துல இருக்கயில எனக்கு விடாம காய்ச்ச அடிச்சுச்சு. கஷாயத்தக் குடிச்சிட்டுப் படுத்தே கெடந்தேன். அதுனாலயா இருக்குமோ?"

நான் யோசிக்கவே இல்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல அம்மாயி. மூளைல டோபமின்னு ஒரு கெமிக்கல் இருக்கு. அது கூடிப்போச்சு, அவ்வளவுதான்" என்றேன்.

அந்தக் காலத்துக்கு அது நியாயமான பதில்தான். 1952-இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து மனநோயாளிகளுக்குப் பயன்படுத்தப்பட்டது. குரல்களை அடக்க அப்போதிருந்த மருந்துகள் எல்லாமே டோபமின் ஏற்பிகளைத் தடுத்தன என்பது பின்னால் தெரியவந்தது. மருந்து டோபமினைத் தடுக்கிறது, எனவே நோய் டோபமினால் வருகிறது என்று பின்னோக்கி ஊகித்தார்கள். எங்கள் தொழிலில் இதைப் பொறுப்பான ஆள் யாரும் ஏற்கமாட்டார். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்பதால் ரீஸ்டார்ட் இல்லாததுதான் கோளாறு என்று சொல்ல முடியாது. டோபமின் நோயின் கடைசிக் கட்டத்தில் நடப்பதை ஓரளவு விளக்கியது. அது ஏன் கூடியது, யாருக்குக் கூடியது என்பதை விளக்கவில்லை.

அந்தக் கேள்வியைத் துரத்தியவர்கள் இரண்டு பக்கமாகப் போனார்கள். ஒரு பக்கம் வளர்ச்சிக் காரணிகள். 1982-இல் ஜெர்மனியில் இவ் பார்டே, ஹான்ஸ் தோனன் ஆகியோரின் குழு பன்றியின் மூளையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தது. அதன் சுருக்கப் பெயர் பிடிஎன்எஃப். நரம்பு செல்கள் பிழைத்திருப்பதற்கும், ஒரு செல் இன்னொன்றோடு பேசும் இணைப்புகள் உறுதிப்படுவதற்கும் அது தேவை. மனச்சிதைவு உள்ளவர்களின் ரத்தத்தில் இது சராசரியாகக் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. இன்னும் மருந்தே தொடாத புது நோயாளிகளிடமும் குறைவு. எனவே இது மருந்தின் பக்கவிளைவு என்று மட்டும் தள்ளிவிட முடியாது.

இன்னொரு பக்கம் அழற்சி. உடம்பில் கிருமி நுழைந்தால், காயம் பட்டால், நோயெதிர்ப்பு மண்டலம் சில புரதங்களைத் தூதுவிடும். அதில் ஒன்று இன்டர்லூகின்-6. மனச்சிதைவின் முதல் தாக்குதலோடு வருபவர்களிடம் இதுவும் சராசரிக்கு மேல் இருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992 வாக்கில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அவர்களிடம் 9 வயதில் எடுத்த ரத்தத்தில் இன்டர்லூகின்-6 அதிகமிருந்த பிள்ளைகளுக்கு, 18 வயதில் குரல் கேட்பது போன்ற அனுபவங்கள் இருக்கும் வாய்ப்பு, அது குறைவாக இருந்தவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று 2014-இல் வெளியிட்டார்கள். 2016-இல் அமெரிக்காவில் பாஸ்டன் ஆய்வாளர்கள் இன்னொரு துண்டைக் கண்டுபிடித்தார்கள். சி4 என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் மரபணு சிலரிடம் அதிகம் வேலை செய்யும் வடிவில் இருக்கிறது, அவர்களுக்கு மனச்சிதைவு அபாயம் கூடுதல். வேண்டாத நரம்பு இணைப்புகளுக்கு அடையாளம் வைக்கும் வேலையில் அந்தப் புரதத்துக்குப் பங்குண்டு. அடையாளம் வைத்த இணைப்புகளை மைக்ரோகிளியா என்ற செல்கள் தின்றுவிடும். இந்தக் களையெடுப்பு விடலைப் பருவத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான். சிலருக்குக் களையோடு பயிரும் போகிறதோ என்பது அவர்களின் ஊகம். நோய் ஏன் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதில் தலைகாட்டுகிறது என்ற பழைய கேள்விக்கு இது பொருந்திவருகிறது.

இரண்டு பக்கமும் நடுவில் சந்திக்கின்றன. அழற்சி கூடினால் மூளையில் பிடிஎன்எஃப் உற்பத்தி குறைவதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். வெட்டும் கை வலுத்து, வளர்க்கும் கை தளர்கிறது. படமாகப் பார்க்க அழகாக இருக்கிறது. வாசித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அதே வாசிப்பில்தான் காய்ச்சல் வந்தது. கர்ப்பிணிக்கு வரும் தொற்று, அதனால் எழும் அழற்சி, கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்குமா என்று ஒரு பெரிய ஆராய்ச்சித் துறையே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகளுக்கு முன் சேமித்துவைத்த தாய்மாரின் ரத்தத்தைச் சோதித்து 2004-இல் ஒரு குழு எழுதியது: கர்ப்பத்தின் முதல் பாதியில் ஃப்ளூ தொற்று இருந்தால் பிள்ளைக்கு மனச்சிதைவு வரும் அபாயம் சுமார் மூன்று மடங்கு.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாயி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகம் கேட்ட கேள்வியைத்தான் அது கந்தர்வக்கோட்டைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறது. நான் அதைத் தூக்கிப்போட்டுவிட்டேன். ஒருவேளை தூக்கிப்போட்டதே நல்லதோ என்றும் தோன்றியது. "ஆமாம் அம்மாயி, இருக்கலாம்" என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல முடியும்?

பிறகு நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனச்சிதைவு வாழ்நாளில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வருகிறது. மூன்று மடங்கு என்றால் நூற்றில் மூன்று பேர். காய்ச்சலில் கிடந்த நூறு தாய்மாரில் தொண்ணூற்றேழு பேரின் பிள்ளைகள் நன்றாகவே இருப்பார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமும் அந்த மூன்று மடங்கை உறுதிசெய்யவில்லை. மரபணு முழுக்க ஒன்றாயிருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்புகூடப் பாதியைத் தாண்டுவதில்லை. பிடிஎன்எஃப் மனச்சோர்வு உள்ளவர்களிடமும் குறைகிறது. நோயாளிகளின் அளவும் நலமானவர்களின் அளவும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. எனவே ஒருவரின் ரத்தத்தை எடுத்து இவருக்கு மனச்சிதைவு என்று சொல்ல வழியில்லை. அழற்சிதான் காரணம் என்றால் அழற்சியை அடக்கினால் நோய் குறைய வேண்டும் அல்லவா? மைக்ரோகிளியாவை அமைதிப்படுத்தும் மைனோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை நோயின் தொடக்கத்தில் இருந்தவர்களுக்கு பிரிட்டனில் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. பயன் இல்லை.

இதனால் அழற்சிக் கோட்பாடு பொய் என்று ஆகாது. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அது முக்கியமாக இருக்கலாம் என்று தேடல் தொடர்கிறது. ஆனால் ஒன்று தெளிவு. இந்த அறிவியல் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆயிரம் பேரின் சராசரி எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்கிறது. என் மாமாவுக்கு எதனால் வந்தது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. காய்ச்சலா, மரபணுவா, பாலிடெக்னிக் ஹாஸ்டலா, ஒன்றும் இல்லையா? குற்றவாளிக் கூண்டில் ஏற்ற ஒரு ஆளைக்கூட அது தரவில்லை.

இங்கேதான் 'காதுகள்' எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

தமிழ்க் கதைகளில், குறிப்பாக சினிமாவில், மனம் பிறழ்ந்தவனுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் கட்டாயம். அந்த ஃபிளாஷ்பேக்கில் ஒரு குற்றவாளி கட்டாயம். 2001-இல் வந்த 'ஆளவந்தான்' இதற்கு நல்ல உதாரணம். கமல்ஹாசனின் 'தாயம்' நாவலிலிருந்து எடுத்த படம். இரட்டைப் பிறவிகளில் ஒருவன் கமாண்டோ, இன்னொருவன் மனநோய்க் காப்பகத்தில். ஒரே மரபணு, வேறு வேறு விதி என்ற அற்புதமான கேள்வி திரைக்கதையின் கையிலேயே இருக்கிறது. ஆனால் படம் அதைக் கேட்பதில்லை. சித்தியின் கொடுமை என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நந்துவைக் கொலைகாரனாக்கிவிடுகிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அவர்கள் யாரையும் கொல்லவில்லை. நோய்க்குக் காரணம் பேய் பிசாசு என்று நம்பியவர்களால் அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள் பலர். எதைக் காரணம் என்று நம்புகிறோமோ, அந்த இடத்துக்குத்தான் நோயாளியைக் கூட்டிப்போகிறோம்.

'காதுகள்' நாவலில் இப்படிப்பட்ட ஃபிளாஷ்பேக் எதுவும் விளக்கமாக வந்து நிற்பதில்லை. மகாலிங்கத்துக்கு ஏன் கேட்கிறது என்பதற்கு ஒரு மனிதரைக் கைகாட்டுவதில்லை. அம்மா காரணம் இல்லை, மனைவி காரணம் இல்லை, ஊரார் வைத்த செய்வினையும் இல்லை. இத்தனை துன்பத்தைச் சொல்லும் ஒரு நாவல் வீட்டில் யார்மேலும் பழி போடாமல் முடிகிறது. எம்.வி.வி. பழியைத் தாமச சக்தியிடம் கொண்டுபோய் வைக்கிறார். அந்தத் தத்துவச் சட்டகத்தை நான் முதல் வாசிப்பில் நாவலின் பலவீனம் என்றே குறித்துவைத்தேன். அனுபவத்தின் மேல் போட்ட காவிப் போர்வை என்று நண்பரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. இப்போது அதை அப்படிச் சொல்லமாட்டேன். அந்தச் சட்டகம் பழியை மனிதர்களுக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அதனால் மகாலிங்கத்தின் வீடு கோர்ட்டாக மாறவில்லை.

எங்கள் வேலையில், பெரிய கோளாறு நடந்து முடிந்தால் அதை அலசி ஒரு அறிக்கை எழுதுவோம். அதற்கு 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' என்று பெயர். யார் தப்பு என்று எழுதக்கூடாது. என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, எதெல்லாம் சேர்ந்துகொண்டது என்று மட்டும் எழுத வேண்டும். பெயர் போட்டால் அடுத்தமுறை எல்லோரும் மறைப்பார்கள், உண்மை வெளியே வராது என்பது அனுபவம். எம்.வி.வி. தன் காதுகளைப் பற்றி எழுதியது ஏறத்தாழ அப்படி ஒரு அறிக்கை. அதனால்தான் அவரால் குரல்களின் ஆபாசத்தைக்கூட ஒளிக்காமல் எழுத முடிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, நாவல் காரணத்தைச் சொல்லவில்லை என்றால் எதைச் சொல்கிறது? குரல்கள் என்ன பேசின என்பதைச் சொல்கிறது. சாதாரணமாகத் தோன்றும் இந்த விஷயத்தை அறிவியலும் சமீபத்தில்தான் தீவிரமாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு மானுடவியலாளர் டான்யா லூர்மன், சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆர். பத்மாவதி உள்ளிட்டோர் செய்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் இருபது இருபது நோயாளிகளிடம், உங்கள் குரல்கள் என்ன சொல்கின்றன என்று உட்கார்ந்து கேட்டார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் முகம் தெரியாத குரல்கள், வன்முறை, சித்திரவதை. அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். திட்டும், புத்தி சொல்லும், குளி, சமை, வேலையைப் பார் என்று ஏவும்.

இன்டர்லூகின்-6 சென்னையிலும் கலிஃபோர்னியாவிலும் ஒன்றுதான். பிடிஎன்எஃப்-க்கும் மொழி கிடையாது. ஆனால் குரல் பேசத் தொடங்கும்போது அதற்கு ஒரு மொழி வேண்டும், ஒரு உறவுமுறை வேண்டும், அதட்டுவதற்கான உரிமை வேண்டும். அதையெல்லாம் அது ஊரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மகாலிங்கத்தைத் துன்புறுத்தும் குரல் காளி என்று பெயர் சொல்வதும், அவன் முருகனின் பெயரால் எதிர்த்துப் பேசுவதும் அப்படித்தான். இதை நோய்க்குறி என்று ஒதுக்குபவர்களும், ஆன்மிகம் என்று கும்பிடுபவர்களும் அந்த உரையாடலைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. சரக சம்ஹிதை உன்மாதத்தின் வகைகளைச் சொல்லும்போது கந்தர்வ உன்மாதம் என்று ஒன்றைச் சொல்கிறது. கந்தர்வன் பிடித்தவனுக்குப் பாட்டும் கூத்தும் மாலையும் வாசனையும் பிடிக்குமாம். காரணம் தவறாக இருக்கலாம். ஆனால் அதை எழுதியவர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்கு என்ன பிடிக்கிறது என்று பார்த்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பெயரிலும் ஒரு கந்தர்வன் இருப்பதால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம்.

நாவலிடம் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. மகாலிங்கத்தின் காதுக்குள் நடப்பது அவ்வளவு நுட்பமாக வருகிறது. அதே வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைகளை வளர்த்து, இந்த மனுஷனோடு பேச்சுக்கொடுத்து வாழ்ந்தவளின் காதில் என்ன விழுந்தது என்பது அந்த அளவுக்கு வரவில்லை. அவள் அவனுடைய துன்பத்தின் பக்கத்தில் நிற்கிறாள், அவளுடைய துன்பத்துக்குப் பக்கங்கள் குறைவு. தத்துவச் சட்டகம் அவளைப் பழியிலிருந்து காப்பாற்றியது, ஆனால் அவளைக் கவனிக்க நேரம் ஒதுக்கவில்லை. அம்மாயியோடு வளர்ந்தவனுக்கு இது சின்னக் குறை இல்லை. தமிழில் அந்த நாவலை இன்னும் யாராவது எழுத வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது 'காதுகள்' பையில் இருந்தது. மாமா எடுத்துப் பார்த்தார். "என்ன கதை?" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னேன், ஒருத்தர் காதுல குரல் கேட்டுக்கிட்டே இருக்கும், அவரே எழுதினது என்று. ஏன் வந்தது, எப்படிப் போனது, எந்த டாக்டர் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். வீட்டில் எல்லோரும் அவரிடமும் டாக்டரிடமும் முப்பது வருடமாகக் கேட்டது அதைத்தான்.

"அவருகிட்ட என்ன பேசுச்சாம்?" என்றார் மாமா.

சொன்னேன். காளி, திட்டு, மிரட்டல். ஆபாசத்தைக் கொஞ்சம் சுருக்கித்தான் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "எனக்கு இப்பல்லாம் அப்பாதான். ராத்திரில மோட்டார அமத்துடா, மோட்டார அமத்துடான்னு. அமத்திட்டேன்னு சொன்னா கேக்காது. போயி பாத்துட்டு வந்தாத்தான் விடும்" என்றார்.

இத்தனை வருடத்தில் இதை அவரிடம் நான் கேட்டதே இல்லை. வீட்டில் வேறு யாரும் கேட்டிருப்பார்கள் என்றும் தோன்றவில்லை.